பஞ்சு அடைத்தால் சத்தம் அடங்குமா?

விசைப்படகுகளில் மீன் அறையும் எஞ்சின் அறையும் பெரும்பாலும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஐஸ் உருகக் கூடாது. அந்தப் பக்கத்துச் சூடும் சத்தமும் வெளியே வரக் கூடாது. மீன் அறைச் சுவருக்குள் ‘புஃப்’ என்று எல்லோரும் சொல்லும் பாலியூரித்தேன் நுரையை நிரப்பியிருப்பார்கள், அல்லது தெர்மாகோல் பலகைகளை அடுக்கியிருப்பார்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது. அதனால்தான் எஞ்சின் இரைச்சல் பொறுக்க முடியாமல் போகும்போது படகுக்காரர்களுக்கு அந்த யோசனை வருகிறது: மிச்சமிருக்கிற தெர்மாகோலை எஞ்சின் அறையிலும் ஒட்டிவிட்டால் என்ன?

ஒட்டினால் சத்தம் குறையாது. தீப்பிடிக்கும் ஆபத்துதான் கூடும். சூட்டைத் தடுப்பதும் சத்தத்தைத் தடுப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒரே வேலையாகத் தெரிந்தாலும், உள்ளே நடப்பது வேறு வேறு. இந்த வேறுபாடு புரியாததால் நம் கடற்கரை நெடுக எத்தனையோ படகுகளில் பணமும் உழைப்பும் வீணாகின்றன. எஞ்சினுக்கு மேலே வாரக்கணக்கில் படுத்து எழுகிறவர்களின் செவிக்கு மட்டும் நிவாரணம் கிடைப்பதில்லை.

சூடு கடக்காமல் இருக்கக் காற்றைச் சிறைப்பிடிக்க வேண்டும். புஃப், தெர்மாகோல் இரண்டும் கோடிக்கணக்கான மூடிய சிறு குமிழ்களால் ஆனவை. குமிழுக்குள் இருக்கும் வாயு அசைய முடியாது, அதனால் சூட்டைச் சுமந்து செல்லவும் முடியாது. சத்தத்தை உறிஞ்சுவதற்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. சத்தம் என்பது காற்றின் அசைவு. அந்த அசைவு பொருளுக்குள் நுழைந்து, ஆயிரம் வளைந்த துளைகள் வழியே முன்னும் பின்னும் உரசி, அந்த உரசலில் சூடாக மாறித் தேய வேண்டும். ஆகவே துளைகள் திறந்திருக்க வேண்டும், ஒன்றோடொன்று தொடர்பும் இருக்க வேண்டும். கடையில் நுரை வாங்கும்போது இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு துண்டை வாயில் அழுத்தி ஊதிப் பாருங்கள். மூச்சு கொஞ்சம் தடைபட்டு, ஆனாலும் மறுபக்கம் வந்தால் அது சத்தம் உறிஞ்சும். மூச்சே போகவில்லையென்றால் அது மீன் அறைக்கு உரியது. எந்தத் தடையும் இல்லாமல் போய்விட்டால் அதுவும் உதவாது, ஏனென்றால் உரசல் போதாது.

உறிஞ்சும் பொருளால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல சான்று. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம், ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் பொறுப்பு வந்தது. அங்கே ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் விழுந்து எல்லாம் குழம்பின. சபைன் இரவு நேரங்களில் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். கட்டட ஒலியியல் என்ற துறை அங்கே பிறந்தது. ஆனால் அவருடைய மெத்தைகள் அறைக்கு உள்ளே இருந்த சத்தத்தின் சுழற்சியைத்தான் குறைத்தன. அறைக்கு வெளியே போகும் சத்தத்தை நிறுத்துவது மெத்தையின் வேலையல்ல. எஞ்சின் அறைக்கும் அப்படியே. உள்ளே நுரை ஒட்டினால் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் இரைச்சல் குறையும். உள்ளே நிற்பவருக்குச் சில டெசிபல் ஆறுதல் கிடைக்கும். சுவரைக் கடந்து வெளியே வருவது அதே சில டெசிபல்தான் குறையும்.

அந்தச் சிறு பயனும் எல்லா ஒலிக்கும் கிடைப்பதில்லை. ஆறு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 30 சுற்று, சுற்றுக்கு மூன்று எரிப்பு, ஆக நொடிக்கு 90 வெடிப்பு. எஞ்சினின் அடித்தொனி 90 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் கிட்டத்தட்ட நான்கு மீட்டர். துளையுள்ள பொருள் ஒன்று ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் தடிமன் அலைநீளத்தின் நான்கில் ஒரு பங்கை நெருங்க வேண்டும். 90 ஹெர்ட்ஸுக்கு அது ஒரு மீட்டர் தடிமன். 25 மில்லிமீட்டர் நுரை அந்த உறுமலுக்கு இருப்பதும் இல்லாததும் ஒன்று. வால்வுகளின் தட்டல், இன்ஜெக்டரின் டிக்டிக், டீசலுக்கே உரிய அந்தக் கடகடப்பு ஆகியவை ஆயிரம், இரண்டாயிரம் ஹெர்ட்ஸில் இருக்கின்றன. அலைநீளம் சிறியது என்பதால் நுரை அவற்றைப் பிடித்துக்கொள்ளும். நுரை ஒட்டிய படகுக்காரர்கள் ‘சத்தம் மாறிருக்கு, ஆனா தலைவலி போகல’ என்று சொல்வது இதனால்தான். கூர்மை போய்விட்டது, உறுமல் அப்படியே இருக்கிறது.

சத்தத்தை நிறுத்துவது எடை. காற்றின் அழுத்தம் ஒரு சுவரை முன்னும் பின்னும் தள்ளுகிறது. சுவர் கனமாக இருந்தால் குறைவாக அசையும், மறுபக்கத்துக் காற்றையும் குறைவாகவே அசைக்கும். சதுர மீட்டருக்கான எடையை இருமடங்காக்கினால் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், அதிர்வெண் இருமடங்கானாலும் அதே 6 கூடும் என்பது கணக்கு. 12 மில்லிமீட்டர் பிளைவுட் சதுர மீட்டருக்கு 7 கிலோ அளவில் இருக்கும். 500 ஹெர்ட்ஸ் ஒலியை அது 24 டெசிபல் வரை தடுக்கும், அதாவது ஆற்றலில் 250இல் ஒரு பங்குதான் கடக்கும். அதே பலகை 90 ஹெர்ட்ஸுக்கு 9 டெசிபல்தான் தடுக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு பலகைக்கும் தனக்கென்று ஒரு பலவீனமான இடம் இருக்கிறது. பலகையில் ஓடும் வளைவு அலையும், காற்றில் சாய்வாக வந்து மோதும் ஒலி அலையும் ஒரே தாளத்தில் சேர்ந்துவிட்டால் பலகை தடுப்பாக இல்லாமல் ஒலிபெருக்கியாக மாறிவிடும். ஜெர்மானிய ஒலியியலாளர் லோதர் கிரெமர் 1942இல் இதை விளக்கினார். பலகை எவ்வளவு விறைப்பாகவும் லேசாகவும் இருக்கிறதோ, அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் இந்தத் தொல்லை தொடங்கும். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு அது ஏறக்குறைய 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ். டீசலின் கடகடப்பு குடியிருக்கும் அதே இடம்! நடுவில் நுரை வைத்த ஃபைபர் பலகைகள் இன்னும் மோசம். லேசாகவும் விறைப்பாகவும் இருப்பதே அவற்றின் பெருமை. படகின் வேகத்துக்கு நல்லதாக இருக்கும் அந்தக் குணம் செவிக்குக் கேடு.

ஆகவே எடை வேண்டும், விறைப்பு வேண்டாம். கனமாகவும் தொளதொளப்பாகவும் இருக்கும் ஒரு தாள் வேண்டும். ஒரு காலத்தில் அதற்கு ஈயத் தகட்டைப் பயன்படுத்தினார்கள். அரை மில்லிமீட்டர் ஈயம் சதுர மீட்டருக்கு 5.7 கிலோ கனம், துணிபோல் மடங்கும். இப்போது பேரியம் சல்பேட் போன்ற கனமான தூளைக் கலந்த வினைல் விரிப்புகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. படகுகளுக்கென்று விற்கப்படும் அடுக்கு விரிப்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் அதன் வடிவமைப்பு புரியும். எஞ்சினைப் பார்த்த பக்கம் எண்ணெய் நுழையாத மெல்லிய படலம். அதன்பின் 25 அல்லது 50 மில்லிமீட்டர் திறந்த துளை நுரை. அதன்பின் கறுப்பாக, விரலால் அழுத்தினால் வளைந்துகொடுக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கன விரிப்பு. கடைசியில், படகின் பலகையை ஒட்டியபடி இன்னொரு மெல்லிய நுரை.

அந்தக் கடைசி நுரையைப் பலர் வீண் செலவு என்று கழற்றிவிட்டு, கன விரிப்பை நேரே பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது கொஞ்சம் கனம் கூடிய ஒரே சுவர்தான். நடுவில் மென்மையான இடைவெளி இருந்தால் இரண்டு சுவர் கிடைக்கிறது. முதல் சுவர் அசைந்தாலும் இடையிலுள்ள நுரை அந்த அசைவை முழுதாக இரண்டாவதற்குக் கொடுப்பதில்லை. ஆனால் இடைவெளி போதிய அளவில் இருக்க வேண்டும். 7 கிலோ பிளைவுட், 5 கிலோ விரிப்பு, நடுவில் 12 மில்லிமீட்டர் என்றால் இரண்டும் சேர்ந்து ஊசலாடும் அதிர்வெண் சுமார் 320 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் தடுப்பு முன்பைவிடக் கெடும், அதற்கு மேலே போகப் போகத்தான் பயன். இடைவெளியை 50 மில்லிமீட்டர் ஆக்கினால் அந்த ஊசல் 160க்கு இறங்கிவிடும். இடம் இருக்கிற படகில் விலை உயர்ந்த விரிப்பைத் தேடுவதைவிட இடைவெளியைக் கூட்டுவது புத்திசாலித்தனம்.

இத்தனையும் செய்து முடித்தபின் ஒரு வயர் போகும் ஓட்டை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஓட்டைக் குடம் எவ்வளவு தடித்த மண்ணால் ஆனதாக இருந்தால் என்ன? சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் இரும்புக்கோட்டையாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 30தான் எல்லை. ஒரு மீட்டர் சதுரமான எஞ்சின் மூடியைச் சுற்றி இரண்டரை மில்லிமீட்டர் சந்து இருந்தால் அது நூறில் ஒரு பங்கு ஆகிவிடும். நம் படகுகளின் மரமூடிகளில் இரண்டரை மில்லிமீட்டர் சந்தெல்லாம் சந்து என்றே யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. இருட்டிய பிறகு, எஞ்சின் நின்றிருக்கும்போது, நல்ல வெளிச்சமுள்ள ஒரு விளக்கை எஞ்சின் அறைக்குள் வைத்து மூடியைச் சாத்துங்கள். வீல் ஹவுஸ் விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். மூடியின் ஓரத்தில் கோடாக, கியர் கேபிள் ஏறிவரும் இடத்தில் பிறையாக, தடுப்புச் சுவரின் அடியில் பைப் போகும் இடத்தில் நட்சத்திரமாக வெளிச்சம் தெரியும். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சத்தமும் வரும். மூடியின் ஓரங்களுக்கு மென்மையான ரப்பர் பட்டையும், அதை அழுத்திப் பிடிக்கும் கொக்கியும் போட்டாலே பல படகுகளில் பாதிப் பிரச்சினை தீரும். செலவில் மிகக் குறைவானது இதுதான், பலரும் கடைசியில் செய்வதும் இதுதான்.

ஆனால் எல்லாச் சந்துகளையும் அடைத்துவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின், டர்போ இல்லாவிட்டாலும், 1,800 சுற்றில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,600 லிட்டர் காற்றைக் குடிக்கிறது. டர்போ இருந்தால் இன்னும் அதிகம். அது தவிர, 100 குதிரைத்திறன் எஞ்சின் முழு விசையில் எரிக்கும் டீசலின் ஆற்றல் சுமார் 200 கிலோவாட். அதில் நான்கு சதவீதம் எஞ்சினின் உடம்பிலிருந்து அறைக்குள் கசிந்தாலும் எட்டு கிலோவாட், அதாவது எட்டு ஹீட்டர்களை அந்தச் சின்ன அறையில் எரியவிட்டதற்குச் சமம். அறையின் சூடு 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறையும். எஞ்சின் அதற்கேற்ப விசையிழக்கும், புகை கறுக்கும். வங்கக் கடலின் வெயிலில் இது ஏட்டுக் கணக்கல்ல. நார்வே, ஸ்வீடன் படகுகளுக்கு எழுதிய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றி அறையைப் பொதிந்துவிட்டு, எஞ்சின் சூடேறுகிறதே என்று இங்கே தவிப்பதில் பொருளில்லை.

காற்று வரும் வழியைப் பெரிதாக வைத்து, அதையே வளைத்துவிடுவதுதான் தீர்வு. உட்புறம் நுரையோ பாறைக் கம்பளியோ ஒட்டிய ஒரு பெட்டிக் குழாய், அதில் இரண்டு திருப்பம். வெளி வாயில் நின்று எட்டிப் பார்த்தால் எஞ்சின் கண்ணில் படக் கூடாது. காற்று திருப்பத்தில் சிரமமில்லாமல் வளைந்து வரும். கூர்மையான ஒலிகள் நேராகப் போகவே விரும்பும், அதனால் திருப்பத்தில் சுவரில் மோதி உறிஞ்சப்படும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் வெளியேறும் குழாய் அறையின் மேற்புறத்திலும், உள்ளே வரும் காற்று கீழே எஞ்சினின் காலடியிலும் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் காற்று வழியே போகும் சத்தம். நம் விசைப்படகுகளில் பாதித் துன்பம் காற்று வழியே வருவதல்ல. எஞ்சின் மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி எந்த பேரிங் பேசுகிறது என்று கேட்பார்கள். இரும்பு வழியே ஒலி நொடிக்கு 5,000 மீட்டர் வேகத்தில், அதிகம் தேயாமல் வந்து சேர்கிறது. படகு முழுவதும் அப்படிப்பட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர்தான். எஞ்சின் போல்ட்டுகளால் எஞ்சின் பெட்டோடு இறுகியிருக்கிறது. பெட் படகின் விலாக்களோடு இணைந்திருக்கிறது. விலாக்கள் மேல்தளத்தோடு. மேல்தளத்தில் படுத்திருப்பவரின் முதுகுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஓர் இடத்தில்கூட மென்மையான பொருள் கிடையாது. மரப்படகில் மரமே கொஞ்சம் அதிர்வைத் தின்றுவிடும், இரும்புப் படகு மணிபோல ஒலிக்கும்.

இதற்கு மருந்து ரப்பர் தாங்கிகள். ரப்பரின்மேல் உட்கார்ந்த எஞ்சினுக்குத் தனக்கென்று ஓர் ஊசல் அதிர்வெண் உண்டு. எஞ்சினின் எடையால் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் 16 ஹெர்ட்ஸ், நான்கு மில்லிமீட்டர் அமுங்கினால் 8. ஆறு சிலிண்டர் எஞ்சின் 600 சுற்றில் சும்மா ஓடும்போது அதன் வெடிப்பு 30 ஹெர்ட்ஸ். 8க்கும் 30க்கும் இவ்வளவு தூரம் இருப்பதால் வெடிப்பின் விசையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெட்டுக்குப் போய்ச் சேரும். அமுக்கம் ஒரு மில்லிமீட்டர்தான் என்றால் இந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் மென்மைக்கும் விலை உண்டு. 960 சுற்றில் ஓடும்போது ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டது என்று வையுங்கள். அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு எட்டு முறை எஞ்சினை உலுக்கும். எட்டு ஹெர்ட்ஸ் தாங்கியில் இருக்கும் எஞ்சின் அப்போது தூக்கித் தூக்கிப் போடும். ரப்பர் கெட்டுவிட்டது என்று கழற்றுவதற்குமுன் இன்ஜெக்டரைப் பார்ப்பது நல்லது.

தாங்கியை மட்டும் மாற்றினால் வேலை முடிவதில்லை. புரொப்பல்லர் படகைத் தள்ளும் விசை ஷாஃப்ட் வழியாகக் கியர் பாக்ஸுக்கும், அதிலிருந்து எஞ்சினுக்கும் வருகிறது. எஞ்சின் இறுக்கமாக இருந்தவரை போல்ட்டுகள் அதைத் தாங்கின. இப்போது மென்மையான ரப்பர் தாங்க வேண்டும், அல்லது தனியாக ஒரு திரஸ்ட் பேரிங் வைத்து அந்த விசையைப் படகின் உடலுக்கே மாற்றிவிட வேண்டும். ஷாஃப்ட் இணைப்பிலும் வளைந்துகொடுக்கும் கப்ளிங் வேண்டும். எல்லாம் பொருத்தியபின் இரண்டு ஃபிளாஞ்சுகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜை மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடத்தில் விட்டுப் பார்ப்பார்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபிளாஞ்சில் வேறுபாடு பத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கரையில் வைத்து அளந்த அளவை நம்பிவிடக் கூடாது. படகு தண்ணீரில் இறங்கியதும் அதன் உடல் கொஞ்சம் வளையும். ஓரிரு நாள் மிதக்கவிட்டு மறுபடி அளப்பதே முறை.

பிறகு பைப்புகள். டீசல் பைப், கடல் தண்ணீர் பைப், புகைக்குழாய், கியர் கேபிள் எல்லாமே எஞ்சினைப் படகோடு இணைக்கின்றன. இவற்றில் ஒரே ஒரு இரும்புப் பைப் வளையாமல் நேரே சுவரில் கிளாம்ப் செய்யப்பட்டிருந்தால் போதும், நான்கு தாங்கிகளும் தடுத்த அதிர்வு அந்த ஒரு வழியில் உள்ளே நுழைந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பல் கட்டுபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 1961இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த திரெஷர் வகையில் இயந்திரங்களை ஒரு பெரிய மிதக்கும் மேடைமேல் ஏற்றி, அந்த மேடையையும் தாங்கிகள்மேல் வைத்தார்கள். எதிரியின் நீரொலிக் கருவிக்கு எட்டாமல் இருக்கவே இத்தனையும். அங்கேயும் ஒவ்வொரு பைப்பும் வளையும் இணைப்போடுதான் சுவரைத் தாண்டியது.

எந்த வழியை முதலில் அடைப்பது? டெசிபல்களைக் கூட்டும் முறை வேறு. படுக்கும் இடத்தில் அதிர்வு வழியே 90 டெசிபலும் காற்று வழியே 80 டெசிபலும் வருகின்றன என்றால் மொத்தம் 90.4தான். காற்று வழியை அறவே அடைத்தாலும் மிஞ்சுவது 90. ஆயிரக்கணக்கில் செலவழித்து நுரை ஒட்டியவருக்குக் கிடைத்த லாபம் காதுக்கே தெரியாத 0.4 டெசிபல். எனவே பொருள் வாங்குவதற்குமுன் உள்ளங்கையைப் பயன்படுத்த வேண்டும். எஞ்சின் ஓடும்போது படுக்கைப் பலகை, தடுப்புச் சுவர், வீல் ஹவுஸ் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கை கூசினால் பிரச்சினை தாங்கியிலும் பைப்பிலும் இருக்கிறது. கை கூசாமல் காது மட்டும் அடைத்தால் மூடியும் சந்தும் காரணம். மூடியைத் தூக்கிப் பிடித்தும் சத்தம் பெரிதாகக் கூடவில்லையென்றால், புகைக்குழாயையும் அதன் சைலன்சரையும் பாருங்கள்.

இனி தீ. இதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் முக்கியத்துவம் குறைவு என்பதல்ல. மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்யும்போது நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காகவே. டீசல், தீப்பொறி எதுவும் இல்லாமலே, சுமார் 210 முதல் 250 டிகிரியில் தானாகப் பற்றும். எஞ்சினின் புகைவழியோ முழு விசையில் 400 டிகிரிக்கு மேல் போகக்கூடியது. இன்ஜெக்டர் பைப்பில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்து டீசல் பனிபோலத் தெறித்து அதன்மேல் பட்டால் போதும். கடலில் மனித உயிர்க் காப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை, எண்ணெய் தெறித்து விழக்கூடிய இடங்களில் 220 டிகிரிக்கு மேல் சூடேறும் எந்தப் பரப்பையும் காப்புறையால் மூடச் சொல்கிறது. அந்த உறை கண்ணாடி இழைத் துணியாகவோ பாறைக் கம்பளியாகவோ இருக்கலாம், ஆனால் எண்ணெய் ஊறாதபடி அதன்மேல் உலோகத் தகடு இருக்க வேண்டும். பழைய படகுகளில் புகைக்குழாயைச் சுற்றிக் கட்டிய கல்நார்க் கயிறு இன்னும் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் பிய்த்து எறியாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்து உயிரைக் குடிக்கும். ஈரப்படுத்தி, தகுந்த முகக்கவசத்தோடு எடுக்க வேண்டும்.

தெர்மாகோல் சூட்டில் உருகி, எரியும் துளிகளாகச் சொட்டும். சாதாரண பாலியூரித்தேன் நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். மூடிய அறையில் இரண்டும் நிமிடங்களில் ஆளைச் சாய்ப்பவை. பழைய மெத்தை, சாக்கு, தென்னைநார் விரிப்பு ஆகியவை எண்ணெய் ஊறித் திரியாகிவிடும். எஞ்சின் அறைக்கு ஏற்றவை மெலமின் நுரையும் பாறைக் கம்பளியும். மெலமின் உருகிச் சொட்டாமல் கரியாகும், பாறைக் கம்பளி எரியவே எரியாது. பாறைக் கம்பளியை மெல்லிய படலத்தில் சுற்றி, துளையிட்ட அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் வைப்பது பெரிய கப்பல்களின் பழைய முறை. தகட்டின் பரப்பில் கால் பங்காவது துளையாக இருந்தால்தான் சத்தம் உள்ளே நுழையும்.

ஒட்டும் முறையிலும் கவனம் தேவை. பசையை மட்டும் நம்பினால் ஒரு கோடைக்குள் விரிப்பு தொங்கும், தொங்கியது ஃபேன் பெல்ட்டில் சிக்கும். பெரிய வாஷர் வைத்த திருகாணிகளால் பிடிக்க வேண்டும். வெட்டிய ஓரங்களை அலுமினியப் படல நாடாவால் மூட வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து எண்ணெய் ஊறத் தொடங்கும். அடித்தண்ணீர் தேங்கும் பகுதியில் ஒரு சாண் உயரத்துக்கு எதையும் ஒட்டக் கூடாது. சில வகைப் பாலியூரித்தேன் நுரைகள் ஈரமும் சூடும் சேர்ந்தால் சில ஆண்டுகளில் கறுப்புத் தூளாக உதிர்ந்து ஏர் ஃபில்டரை அடைக்கும். விரலால் நிமிண்டினால் உதிர்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் செய்யத் தோதான காலம், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான். படகு கரையேறியிருக்கும், எஞ்சினைப் பிரித்திருப்பார்கள், தச்சரும் பெயின்டரும் அங்கேயே இருப்பார்கள். பெயின்ட் செலவோடு ஒப்பிட்டால் ரப்பர் பட்டையும் வளையும் பைப்புகளும் பெரிய தொகையல்ல. படகின் நிறத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது அதில் உழைப்பவரின் செவிக்கும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. சட்டம் இந்த இடத்தில் அவர்களுக்குத் துணையாக இல்லை. 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கப்பல் இரைச்சல் விதிகள் எஞ்சின் அறைக்கு 110 டெசிபல் என்றும், பெரிய கப்பல்களின் தூங்கும் அறைக்கு 55 என்றும் வரம்பு வைக்கின்றன. அந்த விதிகள் மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது என்று அவற்றிலேயே எழுதியிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்திலிருந்து சூரைக்கும் சுறாவுக்கும் போகும் ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. அவற்றில் போகிறவர்களுக்கு இரைச்சலிலிருந்து விலகி உட்கார ஓர் இடமில்லை, ஓய்வு நேரம் என்று ஒன்றில்லை. சரக்குக் கப்பல் மாலுமிக்குக் கிடைக்கும் வரம்பு அவர்களுக்கு ஏன் கூடாது என்ற கேள்வியை மீனவர் சங்கங்கள் எழுப்ப வேண்டும்.

வெளியே எவ்வளவு அடங்கினாலும் எஞ்சின் அறைக்குள்ளே இரைச்சல் பெரிதாகக் குறையாது. டீசல் எஞ்சினுக்கு ஒரு கை தூரத்தில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நாளொன்றுக்கு 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம். இந்தியத் தொழிற்சாலை விதிகள் அதே 100 டெசிபலில் இரண்டு மணி நேரம் அனுமதிக்கின்றன. செவியின் உள்ளே அறுந்த நுண்மயிர் மறுபடி முளைப்பதில்லை என்பதால் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வதே சரி. உள்ளே இறங்கும் டிரைவருக்குக் காதை முழுதாக மூடும் கவசம் மூடியின் பக்கத்திலேயே ஆணியில் தொங்க வேண்டும். நுரை அடைப்பான் பயன்படுத்துகிறவர்கள் அதை விரல்களால் உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் தலைக்குப் பின்னாலிருந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே நுழைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். காதின் வாயிலில் சும்மா செருகி வைத்த அடைப்பான் அட்டையில் எழுதியிருக்கும் அளவில் பாதியைக்கூடத் தடுப்பதில்லை.